மறைப்பதற்கென்றே கட்டப்பட்ட வீடு: மான்டிச்செல்லோவைப் பார்க்கும் முறை

அமெரிக்காவில் சில்லறையாகக் கைக்கு வரும் ஐந்து சென்ட் நாணயத்தைப் புரட்டினால், தூண்களும் குவிமாடமும் கொண்ட ஒரு வீடு தெரியும். 1938 முதல், இடையில் 2004, 2005 ஆகிய இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, அந்த நாணயத்தின் பின்புறத்தில் இடம்பெற்றிருக்கும் அந்த வீடு, வர்ஜீனியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் நகரை ஒட்டிய ஒரு குன்றின் உச்சியில் நிற்கும் மான்டிச்செல்லோ ஆகும். இத்தாலிய மொழியில் 'சிறு மலை' என்று பொருள்படும் இப்பெயரை அவ்வூர்க்காரர்கள் அழுத்தமான 'ச்செ' ஒலியுடன்தான் சொல்கிறார்கள். 'மான்டிசெல்லோ' என்று 'ச'கரத்தை மெலித்து உச்சரித்தால் வெளியூர் ஆள் என்று உடனே தெரிந்துவிடும். நாணயத்தில் இருப்பது வீட்டின் முகப்பு என்று பலரும் எண்ணிக்கொண்டிருந்தாலும், அது தோட்டத்தைப் பார்த்த மேற்குப் பக்கம், அதாவது நம் வழக்கில் சொன்னால் கொல்லைப்புறம். இந்த வீட்டைக் கட்டி வாழ்ந்தவரும் பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானவருமான தாமஸ் ஜெஃபர்சனைக் காண வந்தவர்கள் கிழக்கு வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைந்தார்கள்.

இந்தக் குழப்பம் தற்செயலானதன்று. மூன்று தளங்களை ஒரு தளமாகக் காட்டுவது, படிக்கட்டைக் கண்ணில் படாமல் ஒதுக்குவது, சமையலறையைத் தரைக்குள் இறக்குவது, பரிமாறுகிறவரைச் சுவருக்குப் பின்னால் நிறுத்துவது என, இந்த வீடு முழுவதுமே எதையாவது மறைப்பதில் முனைந்து கட்டப்பட்டது. ஆகவே, வழிகாட்டி காட்டுவதை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். ஆனால் வீட்டைப் பார்த்ததாக ஆகாது. எந்த இடத்தில் நின்று, எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்திச் சொல்வதே இந்தக் குறிப்புகளின் நோக்கம்.

புறப்படுவதற்கு முன்

பழைய வீடு எதுவானாலும், நேரில் போவதற்கு முன் அதன் தரைப்படத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் இதற்கு ஓர் எளிய வழி உண்டு. வேலையிழந்த கட்டடக் கலைஞர்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு 1933-இல் அந்நாட்டு அரசு தொடங்கிய வரலாற்றுக் கட்டடங்கள் அளவாய்வின் வரைபடங்களும் நிழற்படங்களும் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசின் நூலகத்து இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மான்டிச்செல்லோவும் அவற்றில் இருக்கிறது. ஜெஃபர்சன் தம் கையால் வரைந்த படங்களின் பெரும் தொகுப்பு மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்திடம் உள்ளது, அதையும் இணையத்திலேயே பார்க்கலாம். தரைத்தளப் படம் ஒன்றையும், வீட்டை நெடுக வெட்டிக் காட்டும் குறுக்குவெட்டுப் படம் ஒன்றையும் கைப்பேசியில் சேமித்துக்கொண்டால் போதும். குறுக்குவெட்டுப் படம் இல்லாமல் இந்த வீட்டின் தளங்களைப் புரிந்துகொள்வது கடினம்.

நுழைவுச்சீட்டு வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான சுற்றில் தரைத்தளத்தை மட்டுமே காட்டுவார்கள். மேல்தளங்களுக்கும் குவிமாட அறைக்கும் போக வேண்டுமானால் அதற்கென்று உள்ள தனிச் சுற்றில் முன்கூட்டியே இடம் பதிந்திருக்க வேண்டும். அந்தச் சுற்றில் ஏற வேண்டிய படிக்கட்டு ஏறக்குறைய இரண்டு அடி அகலமே உடையது, செங்குத்தானது, திருப்பங்கள் உள்ளது. முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், அவர்களைத் தரைத்தளச் சுற்றில் சேர்த்துவிட்டுத் தாங்கள் மட்டும் மேலே போய் வருவதே நலம். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் வாழ்வைப் பற்றிய சுற்று தனியே உண்டு. அதை நேரம் மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்று ஒதுக்காமல், வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே முடித்துக்கொள்ளும்படி பரிந்துரைப்பேன். அதைக் கேட்டபின் வீட்டின் சுவர்கள் வேறு மாதிரித் தெரியும்.

ஒரு வீட்டுக்குள் இரண்டு வீடுகள்

மான்டிச்செல்லோவைப் படிப்பதற்கான முதல் திறவுகோல், அது ஒரே மூச்சில் கட்டப்பட்டதன்று என்பதுதான். தந்தை பீட்டர் ஜெஃபர்சனிடமிருந்து வந்த நிலத்தில், 1768-இல் குன்றின் உச்சியைச் சமப்படுத்தி, அடுத்த ஆண்டு கட்டுமானத்தைத் தொடங்கியபோது ஜெஃபர்சனுக்கு வயது 26. அவர் முறையாகக் கட்டடக் கலை பயின்றவர் அல்லர். அவரது ஆசான் பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியரான அந்திரேயா பல்லாடியோ எழுதிய நூல்தான். 1770-இல் குடும்ப வீடு தீப்பிடித்து எரிந்துபோனதும், அதற்குள் முடிந்திருந்த தென்புறச் சிறு கட்டடத்தின் ஒற்றை அறையில் அவர் குடியேறினார். 1772 ஜனவரியில் கொட்டும் பனியில் புதுமனைவி மார்த்தா வந்து சேர்ந்ததும் அந்த அறைக்குத்தான். அக்கட்டடம் இன்றும் இருக்கிறது. முதல் வீடு எட்டு அறைகள் கொண்டது. அதன் முகப்பில் ஒரு தூண்வரிசையின் மேல் இன்னொரு தூண்வரிசை என இரண்டு அடுக்கு மண்டபம் திட்டமிடப்பட்டிருந்தது. மார்த்தா 1782-இல் இறந்தபோது அந்த வீடு முழுமையடைந்திருக்கவில்லை.

பிறகு ஜெஃபர்சன் 1784 முதல் 1789 வரை பிரான்சில் தூதராக இருந்தார். பாரிஸில் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த சால்ம் மாளிகையின் குவிமாடம் அவரைக் கட்டிப்போட்டது; ஒரே தளம் போலத் தோன்றும் வீடுகளும், கட்டிலைச் சுவரின் மாடத்துக்குள் பொருத்தும் வழக்கமும் அவர் மனத்தில் பதிந்தன. ஊர் திரும்பியவர், கட்டி முடியாத தம் வீட்டின் மேல்தளத்தை இடித்துவிட்டு, 1796 முதல் அதை ஏறக்குறைய இரட்டிப்பு அகலத்துக்குப் பெருக்கத் தொடங்கினார். 1800-இல் குவிமாடம் எழுந்தது. அமெரிக்காவில் வீடு ஒன்றின்மேல் எழுந்த முதல் குவிமாடம் அதுவே என்பர். குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து 1809-இல் அவர் ஓய்வு பெற்றபோதுதான் வேலை ஏறத்தாழ முடிந்தது. முதல் கல் வைத்ததிலிருந்து நாற்பது ஆண்டுகள். வீடு கட்டிப் பார் என்று நாம் சொல்வதை வாழ்நாள் முழுவதும் செய்து பார்த்தவர் அவர்.

இந்த இரண்டு வீடுகளும் சேரும் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. கிழக்கு வாசல் வழியாக நுழைந்ததும் இருக்கும் பெரிய கூடம் இரண்டாம் வீட்டைச் சேர்ந்தது. அங்கிருந்து கண்ணாடிக் கதவுகளைக் கடந்து வரவேற்பறைக்குள் கால் வைக்கும்போது முதல் வீட்டுக்குள் போய்விடுகிறோம். வரவேற்பறை, அதன் ஒருபுறம் உணவறை, மறுபுறம் ஜெஃபர்சனின் படுக்கையறை ஆகியவை பழைய பகுதி. அவற்றுக்குக் கிழக்கே ஓர் அறை வரிசையைச் சேர்த்து, இரண்டுக்கும் நடுவே வடக்கிலும் தெற்கிலும் குறுகிய நடைவழிகளை விட்டிருக்கிறார். தரைப்படத்தில் அந்த நடைவழிகளை ஒரு கோட்டால் இணைத்துவிட்டால், தையல் எங்கே ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். படிக்கட்டுகள் இரண்டும் அந்தத் தையலுக்குள்தான் ஒளிந்திருக்கின்றன.

வெளியே நின்று தளங்களை எண்ணுதல்

உள்ளே போகும் முறை வருவதற்கு முன் பதினைந்து நிமிடமாவது கிழக்குப் புல்வெளியில் நின்று, சன்னல்களை மட்டும் பாருங்கள். தரைத்தளச் சன்னலின் தலைக்கு மேலேயே, இடைவெளி விடாமல், சிறிய சன்னல் ஒன்று அதே சட்டத்துக்குள் அமர்ந்திருப்பதுபோல இருக்கும். தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஒரே உயரமான சன்னலாகத் தெரியும். அந்த மேல் சன்னல், இரண்டாம் தளத்துப் படுக்கையறைகளுக்கு உரியது; அறைக்குள் அது தரையை ஒட்டி முழங்கால் உயரத்தில் இருப்பதால், வெளியே பார்க்க வேண்டுமானால் குனிந்தோ உட்கார்ந்தோதான் பார்க்க முடியும். மூன்றாம் தளத்துக்கோ சுவரில் சன்னலே கிடையாது. கூரையில் பதித்த கண்ணாடிகள் வழியாகத்தான் வெளிச்சம் இறங்குகிறது. வீட்டில் இத்தகைய கூரைக் கண்ணாடிகள் மொத்தம் 13 இருக்கின்றன. கூரையைச் சுற்றி ஓடும் கைப்பிடிச் சுவர் மீதியையும் மறைத்துவிடுகிறது. சுமார் 11,000 சதுர அடி பரப்பும், நிலவறையையும் சேர்த்து 33 அறைகளும் உள்ள வீடு, ஒரே தளத்துச் சிறு கோயில்போல அடக்கமாக நிற்பதன் சூட்சுமம் இதுதான். வெளியே அழகாகத் தெரிவதற்கான விலையை உள்ளே குனிந்து பார்த்தவர்கள் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஜெஃபர்சனின் மகளும் பேரப்பிள்ளைகளும் விருந்தாளிகளும்.

முகமண்டபத்தின் கீழ் நின்று விதானத்தை அண்ணாந்து பார்த்தால், திசைகளைக் குறித்த ஒரு வட்டம் தெரியும். கூரைமேல் உள்ள காற்றுத்திசை காட்டியோடு அது இணைக்கப்பட்டிருப்பதால், மழை நாளில் வெளியே இறங்காமலேயே காற்றின் போக்கை அறிந்துகொள்ளலாம். வாசலுக்கு மேலே சுவரில் ஒரு கடிகார முகம் இருக்கிறது. அதில் மணி முள் மட்டும்தான் உண்டு, நிமிட முள் இல்லை. அதே கடிகாரத்தின் உட்புற முகத்தில் மணியும் நிமிடமும் நொடியும் காட்டப்படுகின்றன. வயலிலும் பட்டறையிலும் வேலை செய்தவர்களுக்கு மணி தெரிந்தால் போதும் என்ற எண்ணத்தைத்தான் அந்த ஒற்றை முள் காட்டுவதாக எனக்குப் படுகிறது. கூரைமேல் உள்ள சீன நாட்டு வெண்கலச் சேகண்டி அந்த மணியைத் தோட்டம் முழுவதும் அறிவித்தது.

அடுத்து மேற்குப் பக்கம் சென்று, நாணயத்தை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். குவிமாடம் வட்டமாக இராமல் எட்டுப் பட்டை கொண்டதாக இருக்கும். எண்கோணத்தின்மேல் ஜெஃபர்சனுக்கு இருந்த மோகம் தணியவே இல்லை, பின்னாளில் பாப்லர் ஃபாரஸ்ட் என்னும் தம் இன்னொரு வீட்டையே எண்கோணமாகக் கட்டினார். குவிமாடம் வீட்டின் நடுவில் இல்லாமல் மேற்கே, பழைய வரவேற்பறையின்மேல் உட்கார்ந்திருப்பதையும் கவனியுங்கள். முதல் வீட்டின் சுவர்களே அதைத் தாங்குகின்றன. அதற்குள் உள்ள அறை மஞ்சள் சுவர்களும் பச்சைத் தரையும் வட்டச் சன்னல்களுமாக வீட்டிலேயே மிக அழகானது. ஆனால் அங்கே கணப்பு கிடையாது, ஏறிப்போவதும் எளிதன்று. பேரன் ஒருவர் திருமணமான புதிதில் சில காலம் மனைவியுடன் அங்கே வசித்தார். மற்றபடி அது பழைய பொருள்கள் போட்டு வைக்கும் இடமாகிப் போனது.

உள்ளே: கதவுகளையும் சுவர்களையும் பார்த்தல்

கூடத்தில் எல்லோரும் கடமான் கொம்புகளையும் மாஸ்டடான் என்னும் பழங்கால யானையின் எலும்புகளையும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். காத்திருக்கும் விருந்தினருக்குப் பாடம் நடத்தும் அருங்காட்சியகமாகவே ஜெஃபர்சன் அந்த அறையை அமைத்திருந்தார். நீங்கள் வாசலின் இருபுறமும் உள்ள மூலைகளைப் பாருங்கள். பீரங்கிக் குண்டு போன்ற எடைகள் கயிற்றில் தொங்கும்; அவை கடிகாரத்தை ஓட்டுகின்றன. ஞாயிற்றுக்கிழமை முறுக்கிவிட்டால் எடைகள் வாரம் முழுவதும் மெல்லக் கீழிறங்கும். சுவரில் ஒட்டிய கிழமைப் பெயர்களுக்கு நேரே எடை நிற்பதைக் கொண்டு அன்றைய கிழமையை அறியலாம். கயிற்றின் நீளத்துக்குக் கூடத்தின் உயரம் போதவில்லை. அதற்காகக் கடிகாரத்தை மாற்றாமல் தரையில் ஓட்டை போட்டார். சனிக்கிழமையின் அடையாளம் நிலவறையில் இருக்கிறது. தம் திட்டத்தைத் திருத்துவதைவிட வீட்டைத் துளைப்பது அவருக்கு எளிதாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கூடத்தையும் வரவேற்பறையையும் பிரிக்கும் கண்ணாடிக் கதவுகளில் ஒன்றைத் தள்ளினால் மற்றொன்றும் தானே திறக்கும். தரைக்கு அடியில் '8' என்ற எண்ணின் வடிவில் ஓடும் சங்கிலி இரண்டையும் இணைக்கிறது. வரவேற்பறையின் தரையைச் செர்ரி மரமும் பீச் (beech) மரமும் கலந்து கட்டம் கட்டமாக இழைத்திருக்கிறார்கள். அயர்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டின்ஸ்மோர், ஜான் நீல்சன் ஆகிய கூலித் தச்சர்களும், டின்ஸ்மோரிடம் தொழில் கற்று அவருக்குப் பின் தச்சுப் பட்டறையை ஏற்று நடத்திய ஜான் ஹெமிங்ஸும் இந்த வீட்டின் மரவேலைகளுக்குக் காரணமானவர்கள். ஜான் ஹெமிங்ஸ் அடிமையாகவே பிறந்து, ஐம்பது வயதில் விடுதலை பெற்றவர். ஆகையால் எந்த அறையில் நின்றாலும் கதவு நிலை, சன்னல் சட்டம், விதானத்தின் கீழ் ஓடும் சித்திரப் பட்டை ஆகியவற்றை அருகில் போய்ப் பார்த்து, இதைச் செய்த கை யாருடையது என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். நல்ல வழிகாட்டிகள் அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கிறார்கள்.

உணவறைதான் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். முதலில் அதன் நிறம். பல ஆண்டுகளாக மென்மையான நீலம் பூசப்பட்டிருந்த சுவர்களுக்கு 2010-இல் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் பூசினார்கள். பூச்சின் அடுக்குகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, 1815 அளவில் ஜெஃபர்சன் அங்கே குரோம் மஞ்சளைப் பூசச் செய்திருந்தது தெரியவந்ததே காரணம். அக்காலத்தில் அது புதிதாக வந்த, விலை மிகுந்த நிறம். பழைய வீடு என்றாலே மங்கிய நிறம் என்று நாம் வைத்திருக்கும் கற்பனை எவ்வளவு பிழையானது என்பதை இந்தச் சுவர் ஒன்றே காட்டிவிடும். அடுத்து, கணப்பின் இரு பக்கங்களிலும் உள்ள சிறு கதவுகள். அவற்றுக்குள் நிலவறையின் மதுவறைக்கு இறங்கும் சிறிய ஏற்றப் பெட்டிகள் உள்ளன. கீழே ஒருவர் புட்டியை வைத்து இழுத்துவிட, மேலே மேசையில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். பிறகு, நடைவழியை ஒட்டிய சுழலும் கதவு. அதன் ஒரு முகத்தில் தட்டுகள் வைக்கும் பலகைகள் இருக்கின்றன. வெளியே நிற்பவர் உணவுத் தட்டுகளை அடுக்கிச் சுழற்றிவிட்டால், உணவு மட்டும் அறைக்குள் வரும், ஆள் வரமாட்டார். விருந்தினர் முன்னிலையில் பணியாளர் நடமாட்டத்தைக் குறைப்பதும், மேசைப் பேச்சு அவர்கள் காதில் விழாமல் காப்பதும் இதன் நோக்கம். சாப்பாடு தானே வந்தது போன்ற அந்த மாயத்தோற்றத்துக்குப் பின்னால் எத்தனை பேர் படியேறி இறங்கியிருப்பார்கள் என்பதை, அந்தக் கதவின் முன் நின்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். பக்கத்துத் தேநீர் அறை வீட்டின் வடக்கு மூலையில், மிகக் குளிரான இடத்தில் இருப்பதால், நடுவே சுவருக்குள் ஒதுங்கும் இரட்டைக் கண்ணாடிக் கதவுகளை அமைத்து, குளிர்காலத்தில் மூடிவிட ஏற்பாடு செய்திருந்தார்.

தென்புறம் முழுவதும் ஜெஃபர்சனின் தனியிடம். படுக்கையறைக்கும் எழுத்தறைக்கும் இடையே சுவரில் விட்ட திறப்பில் கட்டில் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் இறங்கினால் உடைமாற்றும் அறை, மறுபக்கம் இறங்கினால் எழுதுமேசை. கட்டிலுக்கு மேலே உள்ள மூன்று முட்டை வடிவத் துளைகளைப் பலரும் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அவை மேலே உள்ள துணி வைக்கும் பரணுக்குக் காற்றும் வெளிச்சமும் விடுபவை. எழுத்தறையில் எழுதுவதை அப்படியே இன்னொரு பேனா படியெடுக்கும் கருவி இருக்கிறது. புத்தக அறையில் இருந்த ஏறக்குறைய 6,500 நூல்களை, ஆங்கிலேயர் வாஷிங்டனில் தீ வைத்ததில் நூலகம் எரிந்துபோன காங்கிரசுக்கு 1815-இல் 23,950 டாலருக்கு விற்றார். இன்றைய காங்கிரஸ் நூலகம் அதிலிருந்து மீண்டும் வளர்ந்ததே. இப்பகுதியின் வெளிச் சன்னல்களை ஒட்டி மரச்சட்டத் தடுப்புகள் கொண்ட சிறு தாழ்வாரங்கள் இருக்கும். வெளியிலிருந்து எவரும் உள்ளே பார்க்க முடியாது. உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம்.

மேடைகளுக்கு அடியில்

சுற்று முடிந்ததும் பெரும்பாலோர் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். நீங்கள் கீழே இறங்குங்கள். வீட்டின் இரு பக்கங்களிலும் நீண்டு மேற்கே மடங்கும் நடைமேடைகள், புல்வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உலாவும் இடமாக மட்டுமே தெரியும். அவற்றின் அடியில், மலைச்சரிவில் புதைத்தாற்போல, சமையலறை, புகையறை, பால் அறை, குதிரை லாயம், குடியிருப்பு அறைகள் ஆகியவை வரிசையாக இருக்கின்றன. வர்ஜீனியாவின் மற்றப் பெருந்தோட்டங்களில் இவையெல்லாம் வீட்டைச் சுற்றித் தனித்தனிக் கொட்டகைகளாகக் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதே வழக்கம். இங்கே வீட்டின் அடியாக ஓடும் ஒரு நிலவறை நடைவழி இரண்டு சிறகுகளையும் இணைக்கிறது. உணவும் விறகும் பனிக்கட்டியும் மனிதர்களும் அதன் வழியாகவே போய்வந்தார்கள். அந்த நடைவழியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, உணவறைப் படிக்கட்டு வரை எத்தனை அடி என்று எண்ணிப் பார்ப்பது வீட்டை அளக்க ஒரு நல்ல வழி.

1809-இல் அமைத்த சமையலறையில் எட்டு வாய்கள் கொண்ட செங்கல் அடுப்பு இருக்கிறது. ஒவ்வொரு வாயிலும் தணலைக் கூட்டியும் குறைத்தும் பதம் பார்த்துச் சமைக்கும் பிரெஞ்சு முறைக்கு அது உரியது. நம் கோட்டை அடுப்பைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு உடனே விளங்கிவிடும். பிரெஞ்சுச் சமையலை இங்கே கொண்டுவந்தவர், ஜெஃபர்சனோடு பாரிஸ் சென்று பயின்ற ஜேம்ஸ் ஹெமிங்ஸ். தம் தம்பி பீட்டருக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்த பிறகே அவருக்கு 1796-இல் விடுதலை கிடைத்தது. புதிய சமையலறையை நடத்தியவர், வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் மாளிகையில் பயிற்சி பெற்ற ஈடித் ஃபாசெட்.

அதே தெற்குச் சிறகில், சன்னல் இல்லாத ஓர் அறை, ஜெஃபர்சனிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ் வாழ்ந்த இடமாக அடையாளம் காணப்பட்டு, 2018 முதல் அவர் வரலாற்றைச் சொல்லும் காட்சியிடமாக இருக்கிறது. அவருடைய பிள்ளைகளுக்கு ஜெஃபர்சன் தந்தை என்பது குடும்ப வழிச் சொல்லாகவே நெடுங்காலம் இருந்து வந்தது; 1998-இல் நடந்த மரபணுச் சோதனைக்குப் பின், வீட்டைப் பராமரிக்கும் அறக்கட்டளையும் 2000-இல் அந்த முடிவுக்கு வந்தது. அந்த அறையிலிருந்து வெளியே வந்து மேலே பார்த்தால், தலைக்கு நேர் மேலே இருப்பது மாலை உலாவும் மேடை.

குன்றின் உச்சியில் வீடு கட்டியதன் சங்கடத்தையும் இங்கேதான் பார்க்கலாம். 65 அடி ஆழத்துக்குத் தோண்டிய கிணறு பல ஆண்டுகளில் வறண்டது. மழைநீரைச் சேர்க்க ஜெஃபர்சன் நான்கு தொட்டிகள் கட்டினார்; அவை கசிந்தன. தட்டை மேடைகளுக்கு அடியில் மறைத்து அமைத்த மடிப்பு மடிப்பான கூரையும் ஒழுகியது. அழகான இடத்துக்கு ஆசைப்பட்டால் தண்ணீர் சுமக்க ஆள் வேண்டும். அவரிடம் அடிமைகள் இருந்தார்கள்.

மல்பெரி வரிசை

தெற்கே சற்றுத் தாழ்வில், சுமார் 1,300 அடி நீளத்துக்கு ஓடும் பாதைக்கு மல்பெரி வரிசை என்று பெயர். இன்று அங்கே சில கட்டடங்களும் அடித்தளக் கற்களுமே இருப்பதால், நிழலான நடைபாதை என்றே தோன்றும். ஆனால் அந்த வரிசையில் இருபதுக்கும் மேற்பட்ட பட்டறைகளும் குடிசைகளும் கொட்டில்களும் இருந்தன. 1794-இல் தொடங்கிய ஆணிப் பட்டறையில் பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரையிலான சிறுவர்கள் நாள் முழுவதும் ஆணி அடித்தார்கள். காப்பீட்டுக்காக ஜெஃபர்சனே 1796-இல் தயாரித்த பட்டியலில், அடிமைகளுக்கான வீடுகள் சிலவற்றை 12 அடிக்கு 14 அடி, மரச்சுவர், மரப் புகைபோக்கி, மண் தரை என்று குறித்திருக்கிறார். அந்த அளவில் மீண்டும் கட்டிவைத்துள்ள மரக்குடிசைக்குள் போய் நின்று, நான்கைந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று இதில் எப்படிப் படுத்திருக்கும் என்று பாருங்கள். பிறகு வாசலில் நின்று மேலே குவிமாடத்தைப் பாருங்கள். 168 சதுர அடி இங்கே, 11,000 சதுர அடி அங்கே. ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் அடிமைகளாக வைத்திருந்தவர்கள் 600 பேருக்கும் மேல். வீட்டின் செங்கற்களை இந்தக் குன்றின் மண்ணிலேயே அறுத்துச் சுட்ட உழைப்பில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு.

1826 ஜூலை 4 அன்று ஜெஃபர்சன் இறந்தபோது ஒரு லட்சம் டாலருக்கும் மேல் கடன் இருந்தது. அவர் உயிலில் விடுதலை பெற்றவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் கொல்லர் ஜோசப் ஃபாசெட். அவருடைய மனைவியான சமையற்காரர் ஈடித்தும் பிள்ளைகளும் அந்த ஐவரில் இல்லை. அடுத்த ஜனவரியில் 130 பேரை விற்பதாக விளம்பரம் செய்து நடத்திய ஏலத்தில், வீட்டுச் சாமான்களோடு சேர்த்து அவர்களும் ஏலம் விடப்பட்டார்கள். அப்போது பதினொரு வயதான மகன் பீட்டர் ஃபாசெட், பிற்காலத்தில் ஒஹையோவில் மதகுருவாகி, 1900-இல் தாம் பிறந்த குன்றைப் பார்க்கத் திரும்பி வந்தார்.

எது பழையது, எது திருத்தியது

பழைய வீட்டில் நிற்கும்போது எழ வேண்டிய கேள்வி, இது எப்படி இத்தனை காலம் இடியாமல் நின்றது என்பது. 1831-இல் ஜெஃபர்சன் குடும்பத்தின் கையைவிட்டுப் போன இவ்வீட்டை, கடற்படை அதிகாரியான யூரையா லீவி 1834-இல் வாங்கினார். சமய உரிமைக்காக ஜெஃபர்சன் செய்த பணியின்மேல் பெருமதிப்பு வைத்திருந்த யூதர் அவர். உள்நாட்டுப் போரின்போது, பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்பு அரசு வீட்டைப் பறிமுதல் செய்தது. அவர் 1862-இல் இறந்த பிறகு வழக்குகள் நீண்டு, வீடு சிதைந்தது. 1879-இல் அவருடைய சகோதரர் மகன் ஜெஃபர்சன் மன்றோ லீவி அதைத் தம் பெயருக்கு மீட்டுப் பழுதுபார்த்தார். 1923-இல் அறக்கட்டளை ஐந்து லட்சம் டாலருக்கு வாங்கியது. கணக்குப் பார்த்தால் 89 ஆண்டுகள் லீவி குடும்பத்தின் கையில் இருந்திருக்கிறது. ஜெஃபர்சன் அதில் வாழ்ந்த காலத்தைவிட அதிகம். ஆனாலும் இந்த உண்மையை வழக்கமான சுற்றில் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். யூரையாவின் தாய் ரேச்சல் லீவியின் கல்லறை மல்பெரி வரிசையின் ஓரத்திலேயே இருக்கிறது. நடக்கும்போது தேடினால் கிடைக்கும்.

ஆகவே ஒவ்வொரு பொருளையும் பார்க்கும்போது, இது ஜெஃபர்சன் காலத்ததா, ஏலத்தில் போய்த் திரும்பி வந்ததா, ஆவணங்களைக் கொண்டு புதிதாகச் செய்து வைத்ததா என்று கேட்பது முறை. கூடத்தின் பெரிய கடிகாரம் முதல் வகை. மஞ்சள் பூச்சும் மரக்குடிசையும் மூன்றாம் வகை. மூன்றாம் வகையைக் குறைவாக மதிக்க வேண்டியதில்லை. எந்தச் சான்றைக் கொண்டு செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும்.

திரும்பும்போது பேருந்தில் ஏறாமல் காட்டுப் பாதை வழியாக இறங்கினால், வழியில் இரும்பு வேலியிட்ட ஜெஃபர்சன் குடும்பக் கல்லறை வரும். அதோடு நிறுத்திவிடாமல், கீழே வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி மரங்களுக்கிடையே உள்ள, அடிமைகளாக வாழ்ந்தவர்களின் இடுகாட்டுக்கும் சென்று வர வேண்டும். பெயர் பொறித்த கற்கள் அங்கே இல்லை. தரையில் கிடக்கும் செதுக்காத கற்களும் மண் தாழ்ந்த பள்ளங்களுமே அடையாளம். வண்டியை எடுக்கும் அவசரத்தில் பெரும்பாலோர் அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.